கல்குவாரி ஏரியா, சரளைக்குழி ஏரியா? கரையைப் பார்த்து முடிவெடுங்கள்

படத்தில் பார்த்தால் இரண்டுமே ஏரிதான். நீலத் தண்ணீர், சுற்றிலும் மரம், மேலே மேகம். நேரில் போய் நின்றால்தான் வித்தியாசம் உறைக்கும். ஒன்றில் தண்ணீர் காலுக்கு இருபதடி கீழே கிடக்கும். இறங்க வழி எங்கே என்று பாறை விளிம்பைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இன்னொன்றில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக நடந்து போய் முழங்கால் நனைய நிற்கலாம். முதலாவது கல் உடைத்த பள்ளம். இரண்டாவது சரளைக்கல் அள்ளிய பள்ளம். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எதைத் தோண்டினார்கள், எப்படித் தோண்டினார்கள் என்பது மட்டும் கரையில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஒரு நாள்தான் விடுமுறை, இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது? பெரும்பாலோர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது கரை. தண்ணீரில் இறங்குவது எப்படியும் நடந்துவிடும்; குதித்தால் போதும். ஏறி வருவது எப்படி என்பதைக் கரைதான் சொல்லும்.

தோண்டிய விதம்

கல்குவாரியில் பாறையை வெடி வைத்துத் தகர்த்து, மேலிருந்து கீழாகத் தட்டுத் தட்டாக வெட்டிக்கொண்டே போவார்கள். நல்ல கல் கிடைக்கும் வரை ஆழம் போகும். அகலம் அவ்வளவு கூடாது. ஆழம் போகப் போக நிலத்தடி நீர் கசிந்து வரும். அதை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வேலை நடக்கும். வேலை நின்று, பம்பையும் நிறுத்திவிட்டால், ஊற்றும் மழையும் சேர்ந்து பள்ளத்தை நிரப்பிவிடும். பாறைச் சுவர் தண்ணீருக்கு மேலே எவ்வளவு செங்குத்தோ, கீழேயும் பெரும்பாலும் அவ்வளவு செங்குத்துதான். நடுநடுவே வெட்டுத் தட்டுகள் பெரிய படிக்கட்டு போல மூழ்கிக் கிடக்கும். ஒரு தட்டில் கால் பட்டதே என்று நம்பி இன்னொரு அடி எடுத்து வைத்தால், அடுத்த தட்டு பத்து மீட்டர் கீழே இருக்கலாம். வேல்ஸ் நாட்டின் டொரோதியா என்ற பழைய பலகைக்கல் குவாரி 100 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அங்கே முக்குளிக்கப் போய் உயிரை விட்டவர்கள் பலர்.

சரளைக்குழியின் கதை வேறு. சரளை என்பது ஆறு கொண்டுவந்து போட்ட கல். பனியுகக் காலத்து ஆறுகள் சமவெளியில் பரப்பிவிட்டுப் போன அந்தப் படுகை பல இடங்களில் சில மீட்டர் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே களிமண்ணோ அடிப்பாறையோ வந்துவிட்டால் அள்ள ஒன்றும் இல்லை. ஆகவே கீழே போகாமல் பக்கவாட்டில் போவார்கள். ஒரு குழி முடிந்ததும் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஆற்றங்கரை என்பதால் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்திலேயே இருக்கும். தோண்டத் தோண்டவே நிறையும். இதனால்தான் சரளை ஏரிகள் தனியாக இருப்பதில்லை, கூட்டமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு பிறக்கும் பகுதியில் உள்ள காட்ஸ்வால்ட் வாட்டர் பார்க்கில் 150க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. நெதர்லாந்தில் ரூர்மோண்ட் நகரைச் சுற்றி மியூஸ் ஆற்றின் ஓரமாக இருக்கும் பெரிய நீர்ப்பரப்பும் இப்படிச் சரளை அள்ளிய பள்ளங்கள்தான். இன்று அங்கே பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. ஜெர்மன் மொழியில் இந்த மாதிரி ஏரிக்கு 'பாகர்சே' என்று ஒரு பெயரே இருக்கிறது. மண்வாரி தோண்டிய ஏரி என்று பொருள்.

சரி, இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே மற்ற எல்லாம் கிளைக்கின்றன: தண்ணீரின் சூடு, நிறம், மீன், பறவை, ஆபத்து, எல்லாமே.

குளிக்கப் போகிறவர்களுக்கு

கல்குவாரித் தண்ணீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதில் போய்ச் சேர ஒன்றும் இல்லை என்பதுதான். ஓடை எதுவும் சேறு கொண்டுவருவதில்லை. பாறை அடித்தளத்தில் கலங்குவதற்கு மண் இல்லை. வயலிலிருந்து உரம் வந்து கலப்பதும் குறைவு, அதனால் பாசி குறைவு. ஆனால் அந்தத் தெளிவு கண்ணை ஏமாற்றும். குளிர்நாடுகளில் கோடையில் மேல்மட்டத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டி இதமாக இருக்கும்போதே, பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். சூடான நீர் லேசானது, மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் கனம், அடியில் தங்கிவிடும். உயர்ந்த சுவர்கள் காற்றை மறைப்பதால் இரண்டும் கலப்பதே இல்லை. நடுவில் மெல்லிய ஓர் எல்லை மட்டும் இருக்கும். அந்த எல்லை மேலாக இருந்தால், உயரத்திலிருந்து குதிப்பவர் அதை ஒரே நொடியில் தாண்டிவிடக்கூடும்.

அப்போது நடப்பதுதான் குளிர் அதிர்ச்சி. 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு கேட்காமலே மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த முதல் மூச்சு வந்தால் உள்ளே போவது காற்று இல்லை. மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த ஓரிரு நிமிடம் முகத்தை மேலே வைத்து மல்லாந்து மிதந்தால் தப்பிக்கலாம் என்று மீட்புப் பணியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள். நீச்சலைவிட மூச்சுதான் இங்கே முதல் பிரச்சினை.

குதிப்பதைப் பற்றியும் ஒரு கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அடி ஆழம் தெரிந்து குதிப்பது வேறு. போன வருடம் இருந்த நீர்மட்டம் இந்த வருடம் இருக்குமா, மூழ்கிய தட்டு எங்கே இருக்கிறது, யாராவது பழைய வண்டியைத் தள்ளிவிட்டிருக்கிறார்களா என்று தெரியாத பள்ளத்தில் குதிப்பது வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சி கருங்கல் குவாரிகளில் இப்படிக் குதித்துப் பல இளைஞர்கள் இறந்தார்கள். கடைசியில் பாஸ்டன் நகரின் சுரங்கச் சாலை வேலையில் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து அந்தப் பள்ளங்களையே நிரப்பிவிட்டார்கள். இன்று அங்கே பாறை ஏறுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. போலந்தின் கிராக்கவ் நகரில் உள்ள சாக்ஷுவெக் சுண்ணாம்புக்கல் குவாரி, 1990களில் நீர் நிறைந்ததிலிருந்து வேலி தாண்டிக் குதிப்பவர்களின் இடமாகத்தான் இருந்தது. நகராட்சி அதை மண் போட்டு மூடாமல், தண்ணீரின் மேலே மிதக்கும் மேடைகளையும் நீச்சல் குளங்களையும் அமைத்து 2023இல் திறந்தது. மிதக்கும் குளத்துக்கு அடித்தளம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, காவலர் இருக்கிறார். பாறையும் நிறமும் அதே பாறை, அதே நிறம். மாறியது கரை மட்டும்தான். இயற்கையாக இல்லாத கரையைச் செய்து கொடுத்துவிட்டார்கள். கல்குவாரியில் குளிக்க ஆசை இருந்தால் இப்படிப்பட்ட இடத்தை மட்டும் தேடுங்கள் என்பேன். கண்காணிப்பு இல்லாத குவாரியில் குளிப்பதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சரளைக்குழியில் சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி அதிகம். ஆழம் குறைவு, தண்ணீர் சீக்கிரம் சூடாகும், கரை சரிந்து இறங்கும். ஆனால் 'அதிகம்' என்றால் 'முழுசாக' என்று அர்த்தமில்லை. மண்வாரி நிறுத்திய இடத்தில் அடித்தளம் திடீரென்று ஒரு ஆள் உயரம் இறங்கலாம். இடுப்பளவு தண்ணீர் என்று நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் மூழ்கலாம். கோடையின் கடைசியில் நீலப்பச்சைப் பாசி பெருகும். பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல் கரையோரம் திரளும் அதில் நஞ்சு இருக்கலாம். நாய் குடித்தால் செத்துப்போகும் அளவுக்கு. வாத்துகளும் நத்தைகளும் அதிகமுள்ள ஆழமற்ற ஓரங்களில் நின்றால் தோல் அரிப்பு வரும். வாத்தின் உடம்பில் வாழும் ஒரு ஒட்டுண்ணிக்கு நத்தை இடைவழி; வழிதவறி மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துவிடும். பெரிய ஆபத்தில்லை, இரண்டு மூன்று நாள் சொறிய வேண்டியதுதான்.

சரளைக்குழியில் நான் உண்மையிலேயே பயப்படுவது ஏரிக்கு அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் சேற்றுக் குட்டைக்கு. சரளையைக் கழுவிய தண்ணீரை ஒரு ஓரக் குழியில் விடுவார்கள். அதிலிருக்கும் நுண்மண் படிந்து, மேலே காய்ந்து, புல்கூட முளைத்து, தரை மாதிரியே இருக்கும். காலை வைத்தால் உள்வாங்கும். இன்னும் வேலை நடக்கும் குழிகளின் அருகே இது சகஜம். வேலி போட்டு எழுதியிருந்தால் அதை அலங்காரமாக நினைக்காதீர்கள்.

நிறத்துக்காகப் போகிறவர்களுக்கு

இங்கே கல்குவாரிதான் ஜெயிக்கும். அதிலும் சுண்ணாம்புக்கல் குவாரி. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதக்கும் சுண்ணாம்புத் துகள்கள் ஒளியின் நீலத்தைச் சிதறடிக்கின்றன. சுத்தமான ஆழ்நீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பளிங்கு நீலம். எஸ்தோனியாவின் ரும்மு குவாரியில் அதோடு ஒரு கதையும் உண்டு. பக்கத்துச் சிறைக் கைதிகள் கல் உடைத்த இடம் அது. 1990களில் வேலை நின்று பம்பும் நின்றதும் கட்டடங்களும் இயந்திரங்களும் அப்படியே மூழ்கின. இன்றும் சுவர்கள் தண்ணீருக்கு வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக நிற்கின்றன.

ஆனால் நிறத்தை நம்பிக் கைவைக்கக் கூடாது என்பதற்கும் குவாரிதான் சாட்சி. இங்கிலாந்தில் பக்ஸ்டன் அருகே ஹார்ப்பர் ஹில் என்ற இடத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் குவாரி. தண்ணீர் தீவுக் கடற்கரை போல நீலம். சுண்ணாம்பு சுட்ட கழிவு கலந்ததால் அதன் காரத்தன்மை pH அளவில் 11.3, அமோனியாவுக்குக் கிட்டத்தட்ட சமம். தோல் எரியும் என்று பலகை வைத்தும் குடும்பம் குடும்பமாகக் குளிக்க வந்தார்கள். 2013இல் உள்ளாட்சி அமைப்பு தண்ணீரில் கறுப்புச் சாயத்தைக் கொட்டியது. கூட்டம் குறைந்தது. பலகையில் எழுதியதைவிட நிறம்தான் ஜனங்களிடம் உரக்கப் பேசியிருக்கிறது.

உலோகச் சுரங்கப் பள்ளங்கள் இன்னும் மோசம். அமெரிக்காவின் மொன்டானாவில் பர்க்லி பள்ளம் என்ற செம்புச் சுரங்கத்தில் 1982இல் பம்பு நின்றது. கந்தகம் கலந்த பாறையில் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, அந்த அமிலம் பாறையிலிருந்து உலோகங்களைக் கரைத்துத் தண்ணீரில் சேர்த்தது. 1995இல் வலசை போகும் வழியில் அதில் இறங்கிய 342 பனிவாத்துகள் செத்து மிதந்தன. இன்றும் பார்வையாளர் மேடையில் நின்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் முடியும். அதுவும் ஒரு பயணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஷாங்காய் அருகே ஒரு குவாரிப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டிக் கட்டி 2018இல் திறந்த ஓட்டலில், கீழ்த்தளங்கள் இரண்டு தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றன. கல்குவாரியை ரசிக்க நனைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முக்குளிப்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குக் குவாரிதான் சொர்க்கம். அலை இல்லை, நீரோட்டம் இல்லை, அடிவரை தெளிவு. இங்கிலாந்தின் ஸ்டோனி கோவ் கருங்கல் குவாரி சுமார் 36 மீட்டர் ஆழம். வடகடல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யவிருந்த முக்குளிப்பாளர்கள் இங்கேதான் பயிற்சி எடுத்தார்கள். கல் வெட்டிய தட்டுகளே ஆழம் ஆழமாகப் பயிற்சிப் படிகளாகிவிட்டன. குளிப்பவருக்கு எமனாக இருக்கும் அதே தட்டு, கருவியும் துணையும் உள்ளவருக்கு வசதி.

பறவை பார்க்கிறவர்களுக்கு

இதில் போட்டியே இல்லை, சரளைக்குழிதான். ஆழமற்ற ஓரத்தில் நாணல் வளரும், நாணலில் பூச்சி, பூச்சிக்குப் பறவை. தோண்டும்போது விட்டுவிட்ட திட்டுகள் தீவுகளாகி, நரி எட்டாத கூடுகளுக்கு இடம் கொடுக்கும். புதிதாகத் தோண்டிய வெறும் சரளைத் திடலும் வீணில்லை. பிரிட்டனில் 1938இல் முதன்முதலாகக் குஞ்சு பொரித்த பட்டாணி உப்புக்கொத்தி, அப்புறம் நாடு முழுக்கப் பரவியது பெரும்பாலும் இந்தச் சரளைக்குழிகளைப் பிடித்துக்கொண்டுதான். இறகுக்காக வேட்டையாடப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அருகிப்போன கொண்டை முக்குளிப்பான் மீண்டு வந்ததிலும் இந்தக் குழிகளுக்குப் பங்கு உண்டு. நாட்டிங்ஹாம் அருகே அட்டன்பரோவில் 1929 முதல் சரளை அள்ளிய குழிகள் 1966இல் இயற்கைக் காப்பகமாயின. திறந்து வைத்தவர் இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. ஊர்ப்பெயரும் அவர் பெயரும் ஒன்றாக அமைந்தது கூடுதல் ருசி.

கல்குவாரியில் பறவை குறைவு. ஆனால் இருப்பவை லேசுப்பட்டவை அல்ல. ஐரோப்பாவில் பொரி வல்லூறும் பெரிய கொம்பன் ஆந்தையும் குவாரிச் சுவர்களில் கூடு வைக்கின்றன. ஒரே ஒரு வல்லூறைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருப்பவர் குவாரிக்குப் போகலாம்.

மூன்றாவது ஒன்று

பழைய நிலக்கரிப் பள்ளங்களையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் இவை கடல் மாதிரி விரிந்து கிடக்கின்றன. 1973இலேயே கடற்கரை திறக்கப்பட்ட சென்ஃப்டன்பெர்க் ஏரி அதில் மூத்தது. படகு, சைக்கிள் பாதை, மணல் என்று குடும்பத்தோடு போக அருமையான இடங்கள். ஆனால் இவற்றின் கரை கல்லும் இல்லை, இயற்கைச் சரளையும் இல்லை. கொட்டிக் குவித்த தளர்மண். நீர்மட்டம் ஏறும்போது அது ஊறித் திரவம் போல நழுவலாம். 2009 ஜூலையில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் இப்படிப்பட்ட ஏரிக்கரையே வீடுகளோடு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே திறந்துவிட்ட கரை என்றால் தாராளமாகப் போகலாம். தடுப்புக் கயிறு கட்டிய கரை என்றால் ஆளில்லாத அழகான மணல் என்று ஆசைப்பட்டு உள்ளே நுழைய வேண்டாம்.

வீட்டிலிருந்தே கரையைப் படிக்க

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஏரியின் ஓரம் முழுக்க வெளிறிய பட்டை தெரிந்தால் அது ஆழமற்ற சரிவு. கருநீலம் விளிம்பு வரை வந்து கத்தியால் வெட்டியது போல் நின்றால் செங்குத்து. விளிம்பில் நிழல் விழுந்திருந்தால் சுவர் உயரம் என்று பொருள். பக்கத்திலேயே இன்னும் நாலைந்து ஏரிகள், நடுவில் குறுகிய மண்வரப்புகள், அருகில் ஒரு ஆறு என்றால் சரளைக்குழிக் கூட்டம். சாம்பல் நிற வழவழப்பான திட்டு தெரிந்தால் சேற்றுக் குட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். மரம் அடர்ந்திருந்தால் குழி பழையது, பறவைக்கு நல்லது.

நேரில் போனதும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன், ஏறி வரும் இடம் எங்கே என்று பாருங்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தால், நீந்திப் போகும் தூரத்தை அந்த இடத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். அப்படி ஒரு இடமே கண்ணில் படவில்லை என்றால் அது பார்க்கிற ஏரி, குளிக்கிற ஏரி அல்ல.

படகு வலிக்கவோ துடுப்புப் பலகையில் நிற்கவோ நினைப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகலமும் திறந்த காற்றும் வேண்டும், அது சரளையில்தான் கிடைக்கும். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்ததே பென்ரித் ஏரிகளில். அவையும் மணலும் சரளையும் அள்ளிய இடம்தான்.

இரண்டு வகையும் கிட்டத்தில் இருக்கிற அதிர்ஷ்டம் உங்களுக்கு வாய்த்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. விடிகாலையில் சரளைக்குழி, பறவைகள் இரை தேடும் நேரம். உச்சிவேளையில் கல்குவாரி, சுவர்கள் உயரம் என்பதால் சூரியன் தலைக்கு மேலே வரும்போதுதான் ஒளி அடிவரை இறங்கி அந்த நீலம் முழுசாகத் தெரியும். குளியலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு மறுபடி சரளைக்குழிக்கே வாருங்கள், நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தண்ணீர் அப்போதுதான் மிகச் சூடாக இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கக் கரையில் இறங்குங்கள். பாசியைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளியிருக்கும். அதே காற்று ஊதிய மெத்தையையும் பிள்ளையோடு சேர்த்து எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும் என்பதால், மெத்தை மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.